மட்டக்களப்பு வானில் துருவங்களைத் தேடுவது எப்படி?

துருவ நட்சத்திரத்தைத் தேடி அண்ணாந்து பார்க்காதீர்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நின்று அப்படிப் பார்த்தால் கழுத்துத்தான் வலிக்கும். வானியல் நூல்களில் வரும் படங்களில் அந்த நட்சத்திரம் பனிமலைகளுக்கு மேலே, நல்ல உயரத்தில் நிற்கும். அவை லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஒரு தென்னந்தோப்பு குறுக்கே வந்தாலே மறைந்துவிடும். ஆகவே முதலில் தேட வேண்டியது மறைப்பில்லாத ஒரு வடக்கு அடிவானத்தை. இடம் சரியாக அமைந்துவிட்டால் மிச்ச வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

துருவம் எது, எவ்வளவு உயரத்தில்?

பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றுவதுபோல நமக்குத் தெரிகிறது. அந்தச் சுற்றலில் அசையாமல் நிற்கும் புள்ளிகள் இரண்டு. பூமியின் அச்சை வடக்கே நீட்டிக்கொண்டே போனால் வானில் எங்கே முட்டுமோ அது வட வான்துருவம். தெற்கே நீட்டினால் தென் வான்துருவம். விரித்த குடையின் உட்புறத்தில் சுண்ணாம்பால் சில புள்ளிகளை வைத்துக் காம்பைச் சுழற்றிப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் வட்டமிடும். காம்பு துணியில் முட்டும் இடம் மட்டும் நகராது. ஐரோப்பாவில் அந்தக் குடையை நிமிர்த்திப் பிடித்தால் வானத்துக்குப் பொருந்தும். இங்கே காம்பைக் கிட்டத்தட்டப் படுக்கையாக, வடக்கு நுனி கொஞ்சமாக உயர்ந்திருக்கும்படி பிடிக்க வேண்டும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்கு எளிய விதி உண்டு. நீங்கள் நிற்கும் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, வட வான்துருவம் அடிவானத்திலிருந்து அத்தனை பாகை உயரத்தில் இருக்கும். வாழைச்சேனையில் ஏறத்தாழ 7.9 பாகை, மட்டக்களப்பு நகரில் 7.7, கல்முனையில் 7.4, அக்கரைப்பற்றில் 7.2, பொத்துவிலில் 6.9. தென் வான்துருவம் அதே அளவுக்குத் தெற்கு அடிவானத்தின் கீழே இறங்கியிருக்கிறது. இலங்கையின் எந்த மூலையில் நின்றாலும் அதைக் காண முடியாது. அது இருக்கும் திசையைத்தான் கண்டுபிடிக்கலாம்.

இதில் நமக்கு இழப்பைவிட லாபம்தான் அதிகம். லண்டன்காரருக்குத் தென் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் தெரியவே தெரியாது. சிட்னிக்காரருக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. நம் கரையில் ஒரே இரவில் இரண்டையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

எங்கே நிற்பது?

கல்லடிக் கடற்கரைக்கு வருகிறவர்களில் பலர் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, “இது கிழக்கு, அப்படியானால் இடப்பக்கக் கரையோரம் வடக்கு” என்று தீர்மானித்துவிடுவார்கள். அங்கேதான் பிசகுகிறது. சூரியன் எழும் கரை என்ற பொருளில் வரும் எழுவான்கரை என்ற பெயர் பொதுவாகச் சரிதான். ஆனால் கல்லடியிலிருந்து பாலமீன்மடு வெளிச்சவீடு வரையுள்ள கரை நேர் வடக்கே போவதில்லை, வடமேற்காகச் சாய்ந்து போகிறது. அங்கே அலையை நேருக்கு நேர் பார்த்து நின்றால் நீங்கள் பார்ப்பது ஏறத்தாழ வடகிழக்கை. உண்மையான வடக்கு, உங்கள் எதிரேயுள்ள கடலுக்கும் இடப்பக்கம் நீளும் கரைக்கும் நடுப்பட்ட திசையில், நீருக்கு மேலேயே இருக்கிறது.

இது பெரிய வசதி. மட்டக்களப்புக் கரையில் நீரோரமாக நின்றால் நேர் வடக்கு கடல்தான். மரமும் கட்டடமும் அங்கே குறுக்கிடாது. கல்லடியில் விளக்கு வெளிச்சம் தொந்தரவு கொடுத்தால் தாழங்குடா, கிரான்குளம் பக்கம் இறங்கலாம். அம்பாறை மாவட்டத்தில் நிலைமை மாறுகிறது. அக்கரைப்பற்று, திருக்கோவில் பகுதியில் கரை ஏறத்தாழ நேர் வடக்குத் தெற்காக ஓடுகிறது. இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனையைத் தாண்டியதும் தென்மேற்காக வளையத் தொடங்குகிறது. அதனால் அறுகம்பை முனையில் நிற்பவருக்குத் தெற்கு திறந்த கடலாகவும் வடக்கு நிலமாகவும் இருக்கும். வடக்கைப் பார்க்க மட்டக்களப்பு, தெற்கைப் பார்க்க பொத்துவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிகளிலும் அம்பாறைப் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் இருட்டு நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடங்களுக்கு நட்சத்திரம் பார்க்கவென்று இரவில் போகாதீர்கள். கடற்கரைக்கும் தனியாகப் போக வேண்டாம்.

எப்போது?

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்திருக்கும்; முன்னிரவிலேயே வடக்கில் சப்தரிஷி மண்டலமும் தெற்கில் தென் சிலுவையும் எழுந்திருக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தெரிவு செய்யுங்கள். வெசாக் பௌர்ணமி வாரம் நிலவாலும் வீதி அலங்காரத்தாலும் இதற்குப் பயன்படாது. கரையில் இறங்கியதும் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். டோர்ச் தேவைப்பட்டால் கண்ணாடியின் மேல் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஓர் அளவுபலகை செய்துகொள்ளுங்கள்

கையை முழுதாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நடு மூன்று விரல்கள் 5 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. அந்தக் கணக்கில் வட வான்துருவம் அடிவானத்துக்கு மேலே முக்கால் முட்டி. இதுவே போதும் என்றாலும், தடித்த அட்டைத் துண்டு ஒன்று இருந்தால் வேலை திருத்தமாக நடக்கும்.

அட்டையை 6.8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு நூலைக் கோத்து, அட்டையிலிருந்து 50 சென்ரிமீற்றரில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்திப் பிடித்து, நூல் விறைப்பாக நிற்கும்படி அட்டையை நேரே நீட்டுங்கள். கீழ் விளிம்பு கடலும் வானமும் சேரும் கோட்டில் உட்கார்ந்தால், மட்டக்களப்பில் மேல் விளிம்பு துருவத்தின் உயரத்தில் நிற்கும். பொத்துவிலுக்கு 6 சென்ரிமீற்றர், கல்முனைக்கு 6.5, வாழைச்சேனைக்கு 7. சோழமண்டலக் கரை மாலுமிகளும் இதே உத்தியைத்தான் கையாண்டார்கள். சிறு பலகை, அதில் கட்டிய கயிறு, கயிற்றில் துறைமுகத்துக்கொரு முடிச்சு. துருவ நட்சத்திரத்தின் உயரம் எந்த முடிச்சோடு பொருந்துகிறதோ அந்தத் துறைமுகத்தின் நேருக்கு வந்தாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள்.

வடக்கு: சப்தரிஷியிலிருந்து இறங்குங்கள்

சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரத்தில், இரவு ஒன்பது மணி அளவில் வடக்கே திரும்புங்கள். அடிவானத்திலிருந்து மூன்று, நான்கு முட்டி உயரத்தில் ஏழு நட்சத்திரங்கள் ஒரு பெரிய அகப்பை வடிவில் தெரியும். அகப்பை கவிழ்ந்திருக்கும், கிண்ணம் இடப்பக்கம், கைப்பிடி வலப்பக்கம். நூல்களில் நிமிர்ந்த அகப்பையின் படம்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கோலத்தில் அது துருவத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நமக்கோ அப்போது அது அடிவானத்துக்குள் போயிருக்கும். மாசி மாத இரவுகளில் வடகிழக்கில் உதிக்கும்போது கைப்பிடி கீழாகச் செங்குத்தாக நிற்கும். எந்தக் கோலத்திலும் ஏழும் ஏழுதான்.

சரியான கூட்டத்தைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதிப்படுத்த, கைப்பிடியின் நடு நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள். அது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக ஒன்று தெரிந்தால் அது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் அதைப் பார்த்திருப்பார்கள்? பட்டப்பகலில் ஐயர் கை காட்டுவார், மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டுவார்கள், புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொள்வார். அந்தக் கடனை இந்த இரவில் தீர்த்துவிடலாம்.

இனி, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கமுள்ள கிண்ணத்தின் ஓர விளிம்புக்கு வாருங்கள். அங்கே இரண்டு நட்சத்திரங்கள், மூன்று விரல் இடைவெளியில். அகப்பை கவிழ்ந்திருப்பதால் மேலே இருப்பது கிண்ணத்தின் அடி; அது புலகர். கீழே இருப்பது வாய், அது கிரது. புலகரிலிருந்து கிரது வழியாக ஒரு கோடு போட்டு, அதே போக்கில் கீழே இறங்குங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்கு, அதாவது மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவாக, இறங்கியதும் தனியாக ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் துருவ நட்சத்திரம். அட்டையை நீட்டிப் பாருங்கள். மேல் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். மாசி, பங்குனியில் கோடு இடப்பக்கமாகச் சரிந்து இறங்கும். வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் வலப்பக்கமாகச் சரியும்.

பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். “இவ்வளவு மங்கலா?” என்று கேட்காதவர்கள் குறைவு. இயல்பில் அது மங்கலான நட்சத்திரமல்ல. சப்தரிஷிகளில் பலவற்றுக்கு ஈடான ஒளி அதற்கு உண்டு. ஆனால் உச்சியிலுள்ள நட்சத்திரத்தின் ஒளி கடந்து வரும் காற்றைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு காற்றைக் கடந்து இதன் ஒளி வருகிறது. போதாததற்குக் கடலோர உப்பு ஈரமும் சேர்கிறது. நல்ல இரவிலும் கால்பங்கு ஒளிதான் தேறும். புகைமூட்டமான இரவில் வெறுங்கண்ணுக்கு எட்டாமலே போகலாம். சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் தப்பித்தீர்கள்.

ஏமாற்றும் ஒளிகள் இரண்டு உண்டு. முதலாவது மீன்பிடிப் படகின் விளக்கு. அது அடிவானக் கோட்டிலேயே இருக்கும், அலைக்கேற்ப ஏறி இறங்கும். முக்கால் முட்டி உயரத்துக்கு வராது. இரண்டாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. வைகாசி, ஆனி முன்னிரவுகளில் துருவ நட்சத்திரத்துக்கு நேர் மேலே ஒன்றரை முட்டி தூரத்தில், இளஞ்செம்மஞ்சளாக கோச்சாப் என்ற நட்சத்திரம் நிற்கும். இயல்பான ஒளியில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் உயரத்தில் இருப்பதால் நம் வானில் கோச்சாப்தான் பளிச்சென்று தெரியும். வடக்கில் தனியாக மின்னுகிறதே என்று அதைத் துருவ நட்சத்திரமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அட்டை இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அசையவில்லை என்பதை நிரூபியுங்கள்

ஈர மணலில் இடுப்பளவு உயரமுள்ள கம்பு ஒன்றை நடுங்கள். அதற்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளிக் குந்தி, கம்பின் நுனி துருவ நட்சத்திரத்தைத் தொடும்படி கண்ணைச் சரிசெய்யுங்கள். கண் இருக்கும் இடத்தில் முதல் கம்பைவிடக் குட்டையான இரண்டாவது கம்பை, அதன் நுனி கண் மட்டத்துக்கு வரும்படி நடுங்கள். இனி இரண்டு நுனிகளும் நட்சத்திரமும் ஒரே கோட்டில். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் குந்திப் பாருங்கள். சப்தரிஷி மேற்கே சரிந்திருக்கும். கம்புகளுக்கு நேரே இந்த ஒன்று மட்டும் போட்டது போட்டபடி இருக்கும். கைபேசித் திசைகாட்டி இரும்பைக் கண்டால் தடுமாறும், காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இந்தக் கோட்டுக்கு அந்த வில்லங்கம் கிடையாது.

கம்புகளை யாரும் பிடுங்காவிட்டால் மறுநாள் நண்பகலிலும் வந்து பாருங்கள். சூரியன் உச்சத்தைக் கடக்கும் நேரத்தில் நிழல் அந்தக் கோட்டோடு ஒட்டி விழும். மட்டக்களப்பில் ஏப்ரல் 9, 10 அளவிலும் செப்டெம்பர் 2, 3 அளவிலும் நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே.

துருவ நட்சத்திரம் துருவத்திலேயே இருக்கிறதா?

கிட்டத்தட்ட. இப்போது அது உண்மையான துருவப் புள்ளியிலிருந்து 0.6 பாகைக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. அதனால் அதுவும் நாளொன்றுக்கு ஒரு சிறு வட்டம் போடுகிறது. நமது அட்டையில் அது மேலும் கீழுமாக அரை சென்ரிமீற்றர் வித்தியாசம் காட்டும். திருத்தமான புள்ளி வேண்டுமென்றால் துருவ நட்சத்திரத்திலிருந்து கோச்சாப்பை நோக்கி ஒரு நிலவகலத்துக்குச் சற்று அதிகம் நகருங்கள், துருவம் அங்கே. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லத் தலைசுற்றி வருவதால் இந்தப் புள்ளியும் நகர்கிறது. 2100 அளவில் துருவ நட்சத்திரம் அதற்கு மிக நெருங்கும். பிறகு விலகத் தொடங்கும்.

தெற்கு: சிலுவை நிமிரும் வரை காத்திருங்கள்

தென் வான்துருவத்தில் நமக்கு உதவக்கூடிய ஒளிமிக்க நட்சத்திரம் எதுவும் இல்லை. இருந்தாலும் அது அடிவானத்துக்குக் கீழேதான் இருந்திருக்கும். தென் சிலுவைதான் ஒரே வழி. திரிசங்கு என்றும் இதைச் சொல்வார்கள்.

மே மாத நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால், இரண்டிலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் நான்கு நட்சத்திரங்கள் சிறு சிலுவையாக நிமிர்ந்து நிற்கும். உயரமே மூன்று விரலுக்குச் சற்று அதிகம்தான். உச்சியில் இருப்பது சற்றுச் சிவந்தது. அடியில் இருப்பதுதான் நான்கிலும் ஒளி மிக்கது. மேல் நட்சத்திரத்திலிருந்து கீழ் நட்சத்திரத்துக்கு ஒரு கோடு போட்டு அதே போக்கில் நீட்டுங்கள். சிலுவையின் நீளத்தைப் போல நாலரை மடங்கு போனால் தென் வான்துருவம். கீழ் நட்சத்திரத்திலிருந்து ஏறத்தாழ 19 பாகையில் அடிவானம் வந்துவிடும். மீதி எட்டுப் பாகை நிலத்துக்கோ கடலுக்கோ கீழே. சிலுவை நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் அந்தக் கோடு அடிவானத்தைத் தொடும் இடமே நேர் தெற்கு.

சிலுவை உதிக்கும்போது இடப்பக்கம் சாய்ந்தும், மறையப்போகும்போது வலப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். சாய்ந்த சிலுவையை வைத்து அடிவானத்துக்குக் கீழே மனக்கணக்கில் நீட்டுவதைப் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணல் கச்சானைக் கொறித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருங்கள், தானாக நிமிரும்.

போலிச் சிலுவை ஒன்றும் உண்டு. அது உண்மையான சிலுவைக்கு முன்னரே எழுந்து வலப்பக்கமாக நிற்கும், பெரியது, மங்கலானது. அதைப் பிடித்துக்கொண்டால் தெற்கு வெகுதூரம் தவறிவிடும். உண்மையான சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் காவல் நிற்கும். அவற்றில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது அல்பா செந்தோரி, சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம். இந்த இரட்டைக் காவல் இல்லையென்றால் அது தென் சிலுவை இல்லை.

ஏப்ரல் கடைசியில் எட்டரை மணிக்கே கரைக்குப் போனால் இன்னொரு வசதி கிடைக்கும். வேட்டைக்காரன் மண்டலத்தின் இடுப்புப்பட்டியிலுள்ள மூன்று நட்சத்திரங்கள் மேற்கே மறையப்போகும் நேரம் அது. அவை வான் நடுவரையை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டி இருப்பதால் உதிப்பது நேர் கிழக்கு, மறைவது நேர் மேற்கு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு இரவில் நடந்து போகிறவர்களும் வழியில் நின்று வடக்கில் அகப்பையையும் தெற்கில் சிலுவையையும் பார்த்துவிட்டுப் போகலாம். நிலவு இருந்தாலும் அந்த இரண்டும் தெரியும்.

மற்ற மாதங்களில்

நட்சத்திரங்கள் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்தி உதிக்கும்; மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே ஆடி கடந்ததும் முன்னிரவில் சப்தரிஷி கைகொடுக்காது. அப்போது கசியோப்பியா என்ற ஐந்து நட்சத்திரக் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். துருவத்துக்கு நேர் மேலே வரும்போது அது எம் என்ற ஆங்கில எழுத்தைப் போலிருக்கும்; நடு நட்சத்திரத்திலிருந்து மூன்று முட்டி அளவுக்குக் கீழே இறங்கினால் துருவ நட்சத்திரம். சிக்கல் என்னவென்றால், அது முன்னிரவில் உச்சத்துக்கு வருவது நவம்பர் கடைசியில். அப்போது இங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஓகஸ்ட் மாதக் கடைசியில் அதிகாலை மூன்று மணிக்கு எழும்ப முடிந்தால் அதே காட்சியைத் தெளிந்த வானில் காணலாம். கரைவலைக்காரர்களுக்கு அது சிரமமான நேரமல்ல. மற்றவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

கமராவும் தொலைநோக்கியும் வைத்திருப்பவர்களுக்கு

தாங்கியில் கமராவை நிறுத்தி, வடக்கு அடிவானம் படத்தின் கீழ்ப்பகுதியில் வரும்படி வைத்து, 30 விநாடிப் படங்களை ஒரு மணி நேரத்துக்குத் தொடர்ந்து எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குங்கள். முழு வட்டங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் சிறு வளைவுகள்தான் வரும். அவற்றின் பொது மையம் துருவம்.

நட்சத்திரங்களைத் தொடர்ந்து செல்லும் தொலைநோக்கித் தாங்கி வாங்குபவர்கள் கடைக்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அதன் அச்சை 7 பாகை வரை தாழ்த்த முடியுமா? குளிர்நாட்டு அகலாங்குகளை மனதில் வைத்துச் செய்த தாங்கிகள் பலவற்றில் அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். முடியாதென்றால், முக்காலியின் வடக்குப் பக்கக் காலைக் குட்டையாக்கித் தாங்கி முழுவதையும் வடக்கே சாய்த்து வைப்பதுதான் வழி. சாய்த்த பிறகு அது கவிழாமலிருக்க, நடுவில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.